கேசட் சொன்ன சுருதி

கிட்டார் கோஷ்டியில் வாசிப்பது ஒரு பங்கு வேலை. ஒலிபெருக்கி தூக்குவதும், அறுந்த கம்பியை மாற்றுவதும், முன்வரிசையில் கொட்டாவி விடுபவரைப் பார்க்காதது போல நடிப்பதும் மீதி மூன்று பங்கு. கல்யாண விருந்துகளில் வாசித்து அவதிப்பட்ட சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நான்கு பேர். அப்போது இங்கிலாந்தில் ஒரு கோஷ்டி, தங்கள் அப்பா காலத்துக் கிட்டார் இசையைப் புதிதாக வாசித்துப் பெயர் வாங்கியிருந்தது. அவர்கள் பழையவர்களைப் பார்த்து வாசித்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்து வாசித்தோம். நான் லீட் கிட்டார். என் பள்ளி நண்பன் ராஜன் பாடகன். டிரம்ஸ் குமார். பேஸ் கிட்டார் தேவா. அவன் அதிகம் பேசமாட்டான்.

முதல் மேடை

கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. ஒரே மாதிரி தலைமுடி, ஒரே மாதிரி கோட்டு. மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று ஆங்கிலப் பாட்டுகளை மூச்சுவிடாமல் வாசித்து முடித்தோம். யாரும் கைதட்டவில்லை, யாரும் திட்டவும் இல்லை. பெண்ணின் மாமா மேடை ஓரம் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகக் கேட்டார்: "தம்பி, டெஸ்டிங் எல்லாம் நல்லா இருக்கு. எப்ப ஆரம்பிப்பீங்க?"

கம்பிக் கடை

கோஷ்டியில் ஒரு விதி இருந்தது, நான் போட்டது: கேசட்டில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். அந்தக் கேசட் செலாயாங் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய நகல். அதை ஓடவிட்டு, அதன் சுருதிக்குக் கிட்டார் கம்பிகளை முறுக்குவோம். வழக்கத்தைவிட அதிகமாக முறுக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்துக்காரர்கள் அப்படித்தான் வாசிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டோம். வாரம் இரண்டு கம்பி அறும். ராஜனுக்குத் தொண்டை கட்டும். இஞ்சியைக் கடித்துவிட்டு மறுபடி பாடுவான்.

ஒரே மாதத்தில் நான்காவது முறையாகப் போனபோது, கம்பி விற்கும் கடைக்காரர் பொட்டலத்தை என்னிடம் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "பாஸ், நீங்க கிட்டார் வாசிக்கிறீங்களா, இல்ல அதுல துணி காயப்போடுறீங்களா?"

சாந்தியின் சீடி

என் அலுவலகத்தில் சாந்தி என்று ஒரு தட்டச்சாளர். அதே கோஷ்டியின் அசல் சீடியை வாங்கியிருந்தாள். மதிய உணவு நேரத்தில் போட்டுக் காட்டினாள். எனக்குத் தெரிந்த பாட்டு. ஆனால் சோர்ந்து, கீழே இறங்கிக் கேட்டது. "உன் பிளேயர் மெதுவா ஓடுது" என்றேன். அவள் இன்னொரு பிளேயரைக் கொண்டுவந்து போட்டாள். அதிலும் அப்படியே.

அப்போதுதான் புரிந்தது. எங்கள் கேசட்டைப் பதிந்தவனின் இயந்திரம் வேகம் பிசகி, எல்லாப் பாட்டையும் அரை சுருதி ஏற்றிவிட்டிருந்தது. ராஜன் ஒன்றரை வருடமாக, அசல் பாடகனே பாடாத உயரத்தில் பாடிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்து சாந்தி சொன்னாள்: "என் பிளேயர் புதுசு லா. உங்க காதைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

காஜாங்

காஜாங்கில் நடக்கவிருந்த போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சுருதியை இறக்கினால் எல்லாவற்றையும் மறுபடி பழக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கம்பியைத் தளர்த்த ஐந்து நிமிடம் போதும். விதியைப் போட்ட நானே அது தப்பு என்று சொல்லத் தயங்கினேனா, அல்லது இறுக்கிய கம்பியில் என் கிட்டார் பளிச்சென்று ஒலித்ததை இழக்க மனமில்லையா? இந்த வயதிலும் இரண்டில் எது என்று தெரியவில்லை. ராஜன் இஞ்சியிலிருந்து மாத்திரைக்கு மாறியிருந்தான். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போட்டியில் இரண்டாவது பாட்டின் உச்சியில் அவன் குரல் உடைந்தது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. மீதியை வெறும் கிட்டாரில் முடித்தேன். திரும்பும் வழியில் வேனில் ராஜன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். குமார் என்னைத் திரும்பிப் பார்த்து, "குரல் போனது அவனுக்கு. நீ ஏன்டா பேசமாட்டேங்குற?" என்றான்.

காகிதம்

தொண்டையில் புண், இரண்டு மாதம் வாய் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். மறுநாள் ராஜன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பதில் சொல்ல முடியாதவனிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம் என்று நினைத்திருந்தேன் போலும். அவன் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினான்: எத்தனை நாளா தெரியும்? மூன்று வாரம் என்றேன். இன்னொரு தாளில் எழுதி என் பக்கம் தள்ளினான்: "அடுத்த மாசம் நாம ஒத்துக்கிட்ட கிள்ளான் கல்யாணத்துல நீ பாடு. நான் முன்னால உட்கார்ந்து கேக்குறேன்."

கடைசி மேடை

அந்தக் கல்யாணத்தோடு கோஷ்டி கலைந்தது. ராஜனுக்குப் பேச்சு திரும்பியது. மேல் ஸ்தாயி திரும்பவில்லை. பிறகு அவன் எந்த மேடையிலும் பாடவில்லை. அதற்கு அவன் என்னைக் குறை சொன்னதும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கல்யாணத்தன்று கம்பிகளைத் தளர்த்தி, சரியான சுருதியில், என் வாழ்க்கையில் முதல் முறையாக மைக் முன்னால் நின்றேன். சொன்னபடி ராஜன் முன் மேசையில் இருந்தான். இறக்கிய சுருதியே எனக்கு எட்டவில்லை. இவ்வளவு உயரத்திலிருந்தா ராஜனை இன்னும் அரை சுருதி மேலே போகச் சொன்னேன்? இரண்டு பாட்டு முடிந்தது. ராஜன் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆன்டி எழுந்து வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "தம்பி, மைக் நல்லாதான் இருக்கு. பாடுறவரை வரச்சொல்லுங்க."

வேற்று நாட்டுக்காரர்களைப் போல ஆக ஆசைப்பட்ட எங்கள் நால்வரில், ஒருவன் தொண்டையைக் கொடுத்தான். மற்ற மூவரும் தலைமுடி மட்டும் வளர்த்தோம்.