கோசம்பரியான கேரட்

ஆய்வுக்கூடத் தோழிகளே, இன்று மல்லேஸ்வரம் வீட்டில் மதியம் கேரட்டைத் துருவிப் பருப்போடு கலந்த கோசம்பரி.

சாப்பிட்டு முடித்துத்தான் கொல்லையைப் பார்த்தேன். பூக்கட்டும் என்று பிடுங்காமல் விட்டிருந்த என் கேரட் பாத்தி காலி. மொட்டு வந்தால்தானே அதன் குரோமோசோம்களை அதே குடும்பத்துக் கொத்தமல்லியோடு ஒப்பிட முடியும்?

“முத்திப் போனா யார் சாப்பிடுவாங்க? அதான் பிடுங்கிட்டேன்” என்றாள் அண்ணி.

“இனி பூ பாக்க அடுத்த வருஷம்தான் அண்ணி.”

“தையில உனக்குக் கல்யாணம். அப்புறம் எதுக்கும்மா கேரட்டு?”

அண்ணன் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மோர் ஊற்றச் சொன்னான்.

ஒப்பீடு என்ன ஆயிற்று என்று நாளை கேட்காதீர்கள். கோசம்பரியில் கொத்தமல்லியும் தூவியிருந்தது. இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிட்டேன்.

ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும் என் மைக்ராஸ்கோப் மேசை தையில் காலியாகிறது. யாருக்கு வேண்டும், சொல்லுங்கள்.