மருத மரத்தில் கட்டிய வத்தை

நனைந்த சாக்குக்குள் ஊறிய கருவாட்டின் மணமும், ஈரக் காற்றில் எரிய மறுத்த மண்ணெண்ணெய் விளக்கின் புகையும், மேலே போர்த்திய பழைய பாய்ச்சீலையில் மழை விழும் சத்தமும் ஒன்றாகச் சேரும்போதெல்லாம், எங்கள் வயலுக்கு மேலேயே, ஒரு வத்தைக்குள் நாங்கள் படுத்துறங்கிய இரவுகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

ஆண்டு எது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் இணக்கமில்லை. தம்பி தவழத் தொடங்கிய மாரி என்பதை இருவரும் ஒப்புக்கொள்கிறோம். ஆகவே ஐம்பதுகளின் பிற்பாதி என்று கொள்வதில் பிழையில்லை. மாதம் மார்கழி. திருவெம்பாவை தொடங்கிவிட்டதால் அம்மா மீன், மச்சம் தொடாத நாட்கள் அவை. வளர்பிறைக் காலமாகையால் நிலவு இரவிலேயே மறைந்து, விடியற்புறம் கும்மிருட்டாக இருக்கும் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளலாம்.

எங்கள் தகப்பனாரான ஐயா குடாநாட்டிலிருந்து வந்து முரசுமோட்டையில் காணி எடுத்து அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. முதற் போகத்தை யானையும் பன்றியும் பங்கிட்டுக்கொண்டன. அடுத்தது மழையில்லாமல் கருகியது. அதன் பிறகு அம்மா சண்டை எதுவும் பிடிக்கவில்லை, குசினியில் சோறு வடித்தபடியே, "இந்த மாரியும் பிழைச்சால் நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அண்ணை வீட்டை போயிடுவன். நீங்கள் உங்கட காணியோட இருங்கோ" என்று மட்டும் சொன்னார். ஐயா ஐப்பசியில் மீண்டும் விதைத்தார். பயிர் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, அம்மாகூட மாலையில் வரம்பில் போய் நின்று பார்க்கத் தொடங்கியிருந்த வேளையில்தான், இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று சைக்கிளில் ஒருவர் கத்திக்கொண்டு போனார்.

அன்று பொழுதுபட முன்னமே கனகராயன் ஆறு வயல்களுக்கு மேலால் வந்துவிட்டது. பயிர் இருந்த இடம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையை நீரோட்டம் அறுத்துவிட்டிருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏற, ஐயா எங்களைக் கட்டிலின்மேல் ஏற்றிவிட்டு வாசலில் நின்றபோது, வயலுக்குக் குறுக்கே ஒரு வத்தை வந்தது. வத்தை என்பது தட்டையான அடியுடைய சரக்குப் படகு. கடலோரக் களப்பிலே சரக்கேற்றிப் போகும் அதை நெல் வயலில் கண்டது, மாடு கூரையில் நிற்கக் கண்டதுபோல் இருந்தது.

வத்தைக்காரர் முல்லைத்தீவைச் சேர்ந்த முஸ்லிம் கருவாட்டு வியாபாரி. அண்ணன் என்ற பொருளில் நாங்கள் "நானா" என்று அழைத்தவர். சுண்டிக்குளத்துப் பக்கமிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு, ரயிலுக்குக் கொடுப்பதற்காகப் பரந்தனை நோக்கி வந்தவரை, காற்றும் வெள்ளமும் சேர்ந்து எங்கள் வயலுக்குள் தள்ளிவிட்டிருந்தன. ஒருவரே மரக்கோலால் ஊன்றித் தள்ளிச் செல்லக்கூடிய சிறிய வத்தைதான். வாய்க்கால் எது, வயல் எது என்று தெரியாமல் அவர் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதில கட்டுறதுக்கு ஒரு மரம் இருக்கா?" என்று கேட்டார்.

"மரம் இருக்கு நானா. எங்களுக்கு ஏறுறதுக்கு இடம் இருக்கோ?" என்றார் ஐயா.

வயல் ஓரத்து மருத மரத்தில் வத்தை கட்டப்பட்டது. அரிசி, பானை, அம்மாவின் றங்குப்பெட்டி ஆகியவற்றுடன் நாங்கள் ஏறினோம். வளைத்துக் கட்டிய கம்புகளின்மேல் நானா பாய்ச்சீலையைப் போர்த்தினார். அந்தக் கம்பு ஒன்றிலேயே தம்பிக்குச் சேலையால் ஏணை கட்டியாயிற்று. மற்றவர்களுக்குப் படுக்க இருந்த இடம் கருவாட்டுச் சாக்குகள்தான். திருவெம்பாவை விரதத்தில் இருந்த அம்மா, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தியபடி, எதன்மேலும் படாமல் உட்கார ஓர் இடம் தேடினார்.

"இருங்க தங்கச்சி. அது செத்துக் காய்ஞ்சு போன மீன். உங்கட விரதத்தை ஒண்டும் செய்யாது" என்றார் நானா.

"உங்களுக்குப் பகிடி நானா. எனக்கு நாளைக்கு முழுக்கத் தலையில நாறும்."

அக்கா சிரித்துவிட்டு, அம்மாவின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

முதல் இரவு எனக்குப் பயமாக இருந்தது. படுத்திருக்கும் தரை மூச்சுவிடுவதுபோல் மெல்ல ஏறி இறங்கியது. மரத்தில் பாம்பு ஏறியிருக்கும் என்று அக்கா வேறு சொல்லிவைத்திருந்தாள். ஆனால் மறுநாளே வத்தை வீடாகிவிட்டது. மண் நிரப்பிய தகரத்தில் நானா அடுப்பு மூட்டினார். அவருடைய பானை ஒரு பக்கம், அம்மாவின் பானை மறுபக்கம் என்று முறைவைத்துச் சமையல் நடந்தது. நானா தொழும் நேரத்தில் நாங்கள் அசையாமல் இருக்கவேண்டும், வத்தை ஆடும் என்பதற்காக. அம்மா முணுமுணுப்பாகத் திருவெம்பாவை பாடும்போது நானா சாக்குகளைப் புரட்டுவதை நிறுத்திவிடுவார். ஒருவரும் ஏற்படுத்தாமல் அந்த ஒழுங்கு தானாகவே அமைந்தது.

அன்று பகல்தான் அம்மா கேட்டார், ஐயாவுக்கும் கேட்கும்படியாகவே:

"நானா, தண்ணி ஓரளவு வடிஞ்சால் என்னையும் பிள்ளையளையும் பரந்தன் ஸ்டேசனில விட்டுவிடுவியளோ?"

ஐயா பயிர் மூழ்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. நானா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"விடலாம் தங்கச்சி, அதுக்கென்ன. ஆனா இந்த மணத்தோட போய் இறங்கினா உங்கட அண்ணன் படலையைத் திறக்கமாட்டார்."

அம்மா சிரிக்கவில்லை. றங்குப்பெட்டியைத் திறந்து எங்கள் உடுப்புகளை மடித்து அடுக்கி, மூடி, பின்பக்கத்து விளிம்போரமாகத் தயாராக வைத்தார். அன்று முழுவதும் ஐயாவும் அம்மாவும் எங்கள் மூலமாகவே கதைத்தார்கள். "ஐயாவைச் சாப்பிடச் சொல்லு." "அம்மாவை மழைக்குள்ள நிக்கவேண்டாமெண்டு சொல்லு." எனக்கு ரயில் பிடிக்கும், மாமா வீட்டு மாம்பழமும் பிடிக்கும். ஆனால் ஐயா இல்லாமல் ரயிலில் ஏறுவதை நினைத்ததும் றங்குப்பெட்டி கண்ணில் படாதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மாலையில் காற்று மாறியதால் வத்தையை மரத்தின் மறுபக்கத்துக்கு நகர்த்தவேண்டி வந்தது. நானா சாக்குகளை மூடிக்கொண்டிருக்க, ஐயா தாமே கயிற்றைக் கட்டினார். கட்டறுத்துக்கொண்டு ஓடும் குழப்படி மாட்டுக்குக் கயிற்றை இளக்கிவிடக் கூடாது என்பது எல்லாக் கமக்காரருக்கும் தெரிந்தது. ஐயாவும் அப்படியே, வத்தையின் தலைப்பக்கத்தை மரத்தோடு நெருக்கிப் பிடித்து, கவட்டுக்கு மேலால் இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிந்துவிட்டுத் திருப்தியோடு வந்து படுத்தார்.

விடியப் போகும் நேரம். நான் கால்மாட்டை நோக்கி வழுக்கிக்கொண்டு போவதை உணர்ந்து விழித்தேன். என்மேல் அக்கா, அக்காவின்மேல் ஒரு சாக்கு, எங்கோ இருட்டில் பானை உருளும் சத்தம். வத்தை தலையைத் தூக்கி மரத்தில் தொங்க, பின்பக்கம் சரிந்துகொண்டிருந்தது. அம்மா இரண்டு கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்திருந்தார். தொங்கிய ஏணை மட்டும் நேராகவே இருந்தது. தம்பி விழிக்கவே இல்லை.

அப்போதுதான் றங்குப்பெட்டி தண்ணீரில் விழுந்தது. "பிள்ளையளின்ர உடுப்பு" என்றார் அம்மா. மாலையில் நெஞ்சளவு தண்ணீர் கண்ட நினைவில், ஐயா மூச்சை இழுத்துக்கொண்டு, நீந்துகிறவர் போலக் கைகளை நீட்டிப் பாய்ந்தார். பாய்ந்தவர் சேற்றில் முகம் குப்புற விழுந்தார். எழுந்து நின்றபோது தண்ணீர் அவருடைய தொடைக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது.

ஐயா முகத்துச் சேற்றைக் கையால் வழித்தெறிந்தார். பிறகு நானாவின் குரல் வந்தது.

"தம்பி, வத்தை அவிட்டுவிட்டா மேயப் போகாது. தண்ணியோட இறங்கக் கொஞ்சம் இளக்கிக் கட்டியிருக்கலாம்."

முதலில் சிரித்தது அம்மாதான். கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் எழும்ப முடியாமல் கிடந்துகொண்டு, வாயைப் பொத்தி, பின் பொத்தாமல் சிரித்தார். சேறு வடிய நின்ற ஐயா, பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "இஞ்சேரும், தண்ணி வடியுது" என்றார். அதுதான் அவர் அம்மாவிடம் ஒரு பகல் இரவுக்குப் பிறகு நேரே பேசிய முதல் வார்த்தை.

வெளிச்சம் வந்தபோது மேட்டு வயலில் பயிரின் நுனிகள் தலைகாட்டின. சேறு படிந்து, ஒரே பக்கமாகச் சாய்ந்து, பார்க்க நம்பிக்கை தரும்படியாக அவை இருக்கவில்லை. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். ஒரு பயிரைப் பிடித்து, நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்த்தார். அழுகிய குருத்தானால் கையோடு வந்துவிடும். இது வரவில்லை. இன்னொன்றை இழுத்தார், வரம்போரமாகப் போய் வேறொன்றை இழுத்தார். ஐயா கிட்டப் போகத் துணிவில்லாமல், பெட்டியும் தலையுமாக அப்படியே நின்றார்.

"பள்ளத்தில இருக்கிறது போயிடும்" என்றார் அம்மா திரும்பி வந்து. "மேட்டில செறிவாயிருக்கிறதைக் கிளப்பி அதில நடலாம்."

பிற்பகல் நானா புறப்பட ஆயத்தமானார். மரக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, "தங்கச்சி, ஸ்டேசனுக்கு வாறியளா?" என்று கேட்டார்.

பெட்டியிலிருந்த உடுப்புகளைப் பிழிந்து வேலியில் போட்டுக்கொண்டிருந்த அம்மா, "முதல் இந்த உடுப்புகள் காயட்டும் நானா. நீங்கள் போங்கோ, உங்கட கருவாடு பழுதாப்போயிடும்" என்றார்.

உடுப்புகள் காய்ந்தன. ஸ்டேசன் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. அந்தப் போகத்தில் வழக்கத்தில் பாதிகூட விளையவில்லை. ஆனால் அடுத்த விதைப்புக்குப் போதுமானது கிடைத்தது. நானா ஆண்டுதோறும் பங்குனியில் கருவாட்டோடு வந்து நெல்லோடு போனார்.

இன்று அந்தக் களப்பில் ஒரு வத்தைகூடக் கிடையாது. வெள்ளம் வந்தால் லொறியில் பிளாஸ்டிக் படகு வருகிறது. மக்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது, ஒருவரும் அதில் உறங்குவதில்லை. மருத மரம் போர்க்காலத்தில் போயிற்று. மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு நானாவின் குடும்பமும் ஒரு காலத்தில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்னொரு காலத்தில் நாங்களும். அவருடைய பேரன் இப்போது முல்லைத்தீவில் மீண்டும் கடை போட்டிருக்கிறான். ஐயா இடையிலேயே காலமாகிவிட்டார். போர் முடிந்தபின், மீள்குடியேற்றத்தின்போது அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். குடாநாட்டில் மாமாவின் பிள்ளைகள் அறை ஒழித்து வைத்துக் காத்திருந்தார்கள். முகாமில் பேருந்துக்கு ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்த இளைஞன், "அம்மம்மா, உங்கட சொந்த இடம் எது?" என்று கேட்டான். நான் வாய் திறக்க முன்னமே அம்மா, "முரசுமோட்டை" என்று சொல்லிவிட்டு, அந்தப் பேருந்து எங்கே நிற்கிறதென்று கேட்காமலே நடக்கத் தொடங்கினார்.