கடலில் எடுத்த மனிதன்

1963ஆம் ஆண்டு மாரியில், கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி மிதந்த இராமேஸ்வரத்து முனியசாமியை யாழ்ப்பாணத்துக் குருநகர் மீனவன் செல்வரட்ணம் கரைசேர்த்தான். வீட்டில் வைத்து மூன்று நாள் கஞ்சி பருக்கியும் காய்ச்சல் தணியவில்லை.

"ஆஸ்பத்திரி வேண்டாம்ணே. களவா வந்த கள்ளத்தோணின்னு பிடிச்சிருவாங்க," என்று முனியசாமி கெஞ்சினான்.

"நான் இருக்கிறன், பயப்பிடாதை," என்று சொல்லிச் செல்வரட்ணம் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது. பொலிஸ் கொண்டுபோய்விட்டதாம். செல்வரட்ணம் மறியல் மறியலாகச் சிறைவாசல்களில் அலைந்து விசாரித்தான். காய்ச்சலிலேயே ஆள் முடிந்துவிட்டதென்று கடைசியில் ஒரு காவலாளி சொன்னான்.

கரைசேர்த்த அன்று செல்வரட்ணம் முனியசாமியின் ஊருக்குப் போட்ட கடிதத்துக்கு, அந்தச் சாவுச் செய்தி கிடைத்த கிழமையில்தான் பதில் வந்தது.

"நீங்க பாத்துக்கிறீங்க, எனக்குப் பயமில்லண்ணே. உடம்பு தேறினதும் அனுப்பி வையுங்க," என்று மனைவி எழுதியிருந்தாள்.

நடந்ததை அவளுக்கு எழுதச் செல்வரட்ணத்துக்குச் சாகும்வரை கை வரவில்லை.