மலைக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுத்தவள்

ஒரு திட்டம் வந்தால் காட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதித் தருவதுதான் எங்கள் தொழில்; என்ன, பெரும்பாலும் திட்டம் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். யாரோ முடிவு செய்ததற்குக் காரணம் எழுதிக் கொடுத்து நீங்களும் சம்பளம் வாங்கியிருந்தால், இதில் பாதி உங்களுக்கே தெரிந்த கதை.

கடைசி அத்தியாயம் முதலில்

விலங்கியல் படித்துவிட்டு, கள்ளக்குறிச்சியிலிருந்தே பார்க்கலாம் என்பதால், சென்னையில் இருந்த ஒரு ஆலோசனை நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். முதல் வேலையே கல்வராயன் மலைக்கு ஒரு சுற்றுலா வளர்ச்சித் திட்டம். சாலையை அகலப்படுத்துவது, வண்டி நிறுத்துமிடம், தங்கும் குடில்கள். இவற்றால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று நாங்கள் ஆராய்ந்து அரசுக்குச் சொல்ல வேண்டும்.

நான் மலையேறுவதற்கு முந்தின நாள் மேலாளர் மாதிரிக்கு என்று ஒரு கோப்பு அனுப்பினார். திறந்து பார்த்தால் முடிவுரை முழுசாக எழுதியிருந்தது: 'பாதிப்பு மிதமானது, தணிக்கத்தக்கது.' நான் இன்னும் மலையையே பார்க்கவில்லையே சார் என்று போனில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்:

"முடிவு முன்னாடியே இருந்தாத்தானேம்மா நீ வழி மாறிப் போகாம இருப்பே?"

ஐப்பசியில் ஒரு கணக்கெடுப்பு

பணி ஆணை ஐப்பசியில் வந்ததால் ஐப்பசியிலேயே தண்ணீரை அளந்தோம். வெள்ளிமலைப் பக்கம் எங்கே கால் வைத்தாலும் ஈரம். ஓடை எல்லாம் சத்தம் போட்டு ஓடியது. 'நீர்வளம்: போதுமானது' என்று எழுதிக்கொண்டேன். கண்ணால் பார்த்ததைத்தானே எழுத முடியும்?

மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த காளியப்பன் என்பவர் வந்து, என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கல்யாண வூட்ல வந்து பாத்துட்டு, இங்க தெனமும் விருந்துன்னு எழுதிக்கினு போறா மாதிரி இருக்குதுங்க மேடம்."

மூன்று கோப்புகள்

சாலைக்கு ஒரு கோப்பு, குடில்களுக்கு ஒரு கோப்பு, வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒரு கோப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. ஆனால் மூன்றும் ஒரே சரிவில்தான் வருகின்றன. மொத்தமாகச் சேர்த்து மலைக்கு என்ன ஆகும் என்று கேட்க எந்தக் கோப்பிலும் இடமில்லை. சேர்த்து ஒரே அறிக்கையாகக் கொடுக்கலாமா என்று அரசு அலுவலகத்தில் கோப்பு வாங்கிக்கொண்ட எழுத்தரிடம் கேட்டேன்.

"ஒண்ணா கட்டினா கனம் ஜாஸ்தி ஆயிடும் மேடம், அப்புறம் எவனும் தூக்க மாட்டான்."

பட்டியலில் இல்லாத ஊற்று

வண்டி நிறுத்துமிடத்துக்கான இடம் வரைபடத்தில் 'தரிசு' என்று இருந்தது. அதை அளக்கப் போனபோது வள்ளியம்மா என்கிற பெண் வழிமறித்தார். சாமை அறுத்துக்கொண்டிருந்த கை, அரிவாளோடுதான் வந்தார். கொஞ்சம் பயந்துவிட்டேன். அவரோ அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப்போனார். கடுக்காய் மரங்களுக்கு நடுவே, பாறை இடுக்கில் ஒரு ஊற்று. ஒரு குடம் முங்கும் அளவுதான் குழி. மற்றதெல்லாம் வற்றிய பிறகு ஊருக்கே அதுதான் என்றார். "இது மேல காரு நிறுத்துவாங்களா?" என்று கேட்டார்.

படம் எடுத்து, இடம் குறித்து, இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அறிக்கை அச்சாகி வந்தபோது அந்த இரண்டு பக்கம் இல்லை. முன் அட்டைக்கு உள்பக்கம் என் பெயர் மட்டும் இருந்தது. கேட்டதற்கு மேலாளர் சொன்னது:

"படிவத்துல கிணறு இருக்கு, போர் இருக்கு, ஓடை இருக்கு, ஊற்றுன்னு ஒரு கட்டமே இல்லையேம்மா."

கருத்துக் கேட்பு

மலைமக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டத்தைக் கள்ளக்குறிச்சியில் வைத்தார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து இருபது பேர் போல இறங்கி வந்திருந்தார்கள். வள்ளியம்மா எழுந்து ஊற்றைப் பற்றிச் சொன்னார். மேடையில் இருந்த பெண் அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "இதில் அப்படி எதுவும் இல்லையே. களத்துக்குப் போனது யார்?" என்றார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றுதான் முதலில் மனசில் ஓடியது. எழுந்து, "இருக்குதுங்க மேடம், நான் பார்த்தேன், எழுதியும் கொடுத்தேன்" என்றேன். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அதற்குள் காளியப்பன் எழுந்து, தணிக்கத்தக்கது என்றால் இன்னா என்று கேட்டார். சரி பண்ணிவிடலாம் என்று அர்த்தம் என்றார் மேலாளர்.

"அப்போ மொதல்ல கெட்டுப் போவும்னு நீங்களே ஒத்துக்கினீங்க."

சின்ன மாற்றம்

வண்டி நிறுத்துமிடம் ஊற்றைவிட்டுத் தள்ளிப்போனது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். புதிய வரைபடம் கைக்கு வந்ததும்தான் பார்த்தேன், ஊற்றுக்கு நேர் மேலே சரிவில் இருக்கும் கடுக்காய்த் தோப்புக்குப் போயிருந்தது. தோப்பில் ஒரு மரத்தைக்கூட யாரும் எண்ணவில்லை. புது இடத்துக்குப் புதிதாக ஆய்வு வேண்டாமா என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அறிக்கையை எடுத்து, அவருடைய மாதிரிக் கோப்பிலிருந்து அப்படியே வந்திருந்த ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"சின்ன மாற்றத்துக்கு ஆய்வு வேண்டாம்னு இதுல நீயே எழுதியிருக்கே பாரு."

ஆறு மாதத்துக்கு ஒருமுறை

திட்டம் முடிந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்று நீரை அளக்க வேண்டும் என்று அந்த அதிகாரி நிபந்தனை போட்டிருந்தார். திட்டம் முடிந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு சித்திரையில், யாரும் அனுப்பாமல் நானே பஸ் ஏறிப் போனேன். தோப்பு இருந்த இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. கீழே ஊற்றில் தண்ணீர் இருந்தது, மெல்லிசாக. குடம் முங்கவில்லை, வள்ளியம்மா சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். அளந்து பார்க்க யாராவது வருகிறார்களா என்று கேட்டேன்.

"வர்றாங்கன்னு சொல்லிக்கினுதாங்க இருக்காங்க, வந்த மொத ஆளு நீங்கதான்."

கையெழுத்து ஆகும்வரை ஒரு மலையின் மேல் எல்லோருக்கும் அக்கறை இருக்கிறது. ஆன மறுநாளிலிருந்து அது அங்கே குடியிருப்பவர்களின் சொந்தக் கவலையாகிவிடுகிறது.