மூன்று தலைகளும் ஒரு ஃபிளெக்ஸும்

என் மகளுக்கு அய்யனார் கோவிலில் காது குத்துவது என்று முடிவானது. விருந்துக்கு ராஜபாளையத்தில் மண்டபம் பேசினார்கள், சமையலுக்கு ஆள் சொன்னார்கள். மண்டப வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸ் போர்டை டிசைன் செய்யும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. "நாள்பூரா கம்ப்யூட்டர் முன்னாலதான இருக்க" என்றார் என் கணவர். நான் நாள்பூரா உட்கார்ந்திருப்பது, சென்னைக் கம்பெனி ஒன்றின் சரக்கு லாரிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று பார்ப்பதற்காக. அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் ஆபீஸ். முதல் டிசைனைப் போட்டு நிமிர்ந்தபோது மாமனார் பின்னால் நின்றிருந்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, இது நம்ம வீட்டு விசேஷம்தான? என் படத்த ஏன் ரேஷன் கார்டுல இருக்க மாதிரி வச்சிருக்க?"

பெரிதாக்கினேன். அடுத்த நாள் ராஜபாளையத்திலிருந்து அப்பா வந்தார். பையிலிருந்த மாம்பழங்களை எடுத்து வைத்தபடியே திரையைப் பார்த்தவர், ஒரு பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சம்பந்தி தலை எம்புட்டுப் பெருசா இருக்கு! பக்கத்துல என்னையப் பாரு, அவியளுக்குக் குட புடிக்க வந்தவன் மாதிரி இருக்கேன்."

மாலையில் அண்ணன் வந்தான். "ஏட்டி, புள்ளைய மடியில வச்சுக் காது குத்தப்போறது தாய்மாமன் நானு. என் படம் ஓரத்துலயா?"

ஒருவரைப் பெரிதாக்கினால் இன்னொருவர் சிறுத்தார். மூன்று பேரையும் பெரிதாக்கினால் போர்டில் நாள், நேரம் எழுத இடமில்லை. அப்போதுதான் லேப்டாப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளலாம் என்பது நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றும் தனித் திரை மாதிரி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். டச்பேடில் நான்கு விரலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் அடுத்தது வரும்.

முதலாவது ஆபீசுக்கு. இரண்டாவதில் மாமனார் பெரிய தலையாக இருக்கும் டிசைன். மூன்றாவதில் அப்பா. நான்காவதில் அண்ணன், கூலிங்கிளாஸுடன்.

அதன் பிறகு வீட்டில் அப்படி ஓர் அமைதி. மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டால் ஒரு தள்ளு. வாசலில் அப்பாவின் இருமல் கேட்டால் இரண்டு தள்ளு. அண்ணனின் பைக் தெருமுனையில் திரும்பும்போதே மூன்று தள்ளு தள்ளி, ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருப்பேன். "இப்பத்தான் நல்லாருக்கு" என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். லாரிகளை விட இவர்களைச் சமாளிப்பதில்தான் நான் கெட்டிக்காரி என்று எனக்கே தோன்றியது.

பட்டுச் சேலை எடுக்கப் போவதாக ஒரு நாள் அப்பாவும் அண்ணனும் சேர்ந்து வந்தார்கள். மாமாவும் ஹாலில்தான் இருந்தார். நான் சட்டென்று ஆபீஸ் டெஸ்க்டாப்புக்கு வந்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

"போர்டக் காட்டும்மா. சம்பந்தியும் பாக்கட்டும்" என்றார் மாமா, அவருடைய தலையை எண்ணி.

"ஆமா, காட்டு" என்றார் அப்பா, அவருடைய தலையை எண்ணி.

"ஆபீஸ் வேலை ஓடுது மாமா. பொறவு காட்டுறேன்."

"செத்த நேரம் காட்டுறதுல உங்க ஆபீஸ் என்ன முழுகியா போயிரும்?" என்று அண்ணன் குனிந்து, போனில் தள்ளுவதுபோல மூன்று விரலை டச்பேடில் வைத்து மேலே தள்ளிவிட்டான். அப்படித் தள்ளினால் எல்லா டெஸ்க்டாப்பும் ஒன்றாகத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மேலே பெரிதாக என் லாரி அட்டவணை. அதன் கீழே வரிசையாகக் குட்டிக் குட்டிப் படங்களாக மாமா போர்டு, அப்பா போர்டு, அண்ணன் போர்டு.

மாமா கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மூவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். "மூணு போர்டா வைக்கப் போற?" "நேத்து என்கிட்டக் காட்டுனது எது?" "இவியளுக்கும் இதே கததான் சொன்னியா?" எனக்கு மாமியார் வீடு, பிறந்த வீடு என்று ஓடி ஒளிய எந்தப் பக்கமும் மிச்சமில்லை.

சத்தம் கேட்டு மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். மூன்று படங்களையும் கிட்டப்போய்ப் பார்த்தார்.

"அது சரி, புள்ள எங்க?"

தேடினோம். மூன்றிலும் என் மகள் கீழ் மூலையில், பூக்கொத்துக்கு நடுவே, பொட்டுக் கடலை அளவுக்கு இருந்தாள். கடைசியில் அப்பாதான் தொண்டையைச் செருமி, "புள்ள படம் மட்டும் போதும்" என்றார். மாமா தலையாட்டினார். அண்ணன் மட்டும், "கூலிங்கிளாஸ் படம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று முணுமுணுத்தான்.

அவர்கள் கடைக்குக் கிளம்பியதும், வேலைக்குப் போயிருந்த என் கணவர் சிரிக்கட்டுமே என்று எல்லாம் ஒன்றாகத் தெரியும் அந்தத் திரையை மறுபடி வரவழைத்து, படம் பிடித்து அனுப்பினேன். சாயங்காலம் மகள் மட்டும் இருக்கும் புது டிசைனையும் அனுப்பி, "இதை ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பிருங்க" என்று சொன்னேன். அவரும் அனுப்பினார். எதை என்பதுதான் விஷயம்.

காது குத்தி முடித்து, அழுது சிவந்த பிள்ளையோடு மண்டபத்துக்கு வந்தால், வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் என் லாரி அட்டவணை நிற்கிறது. பச்சை, சிவப்பு, மஞ்சள் கட்டங்கள். அடியில் வரிசையாக மூன்று சிறிய போர்டுகள். "இன்னைக்குள்ள முடிச்சிடுங்க" என்று மேனேஜர் அனுப்பிய செய்தி ஓரத்தில்.

கணவர் கடைக்காரருக்குப் போன் போட்டார். "நீங்க அனுப்பினதத்தான அண்ணே அடிச்சேன். புது மாடலா இருக்கேன்னு நெனச்சேன்" என்றாராம்.

ஆனால் மாமாவும் அப்பாவும் அண்ணனும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று போர்டும் அச்சாக ஒரே அளவு. யாருக்கும் குறையில்லை.

தளவாய்புரத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் கட்டங்களை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார். "இது புள்ளையோட சாதகமா?"

"ஆமா" என்றார் மாமா, கொஞ்சமும் யோசிக்காமல். "நல்ல சாதகம்."

திங்கட்கிழமை வேலைக்கு உட்கார்ந்ததும், இனி இவை எதற்கு என்று மூன்று டெஸ்க்டாப்பையும் மூடினேன். மூடினால் அதிலிருப்பவை போய்விடாது, பக்கத்து டெஸ்க்டாப்புக்கு வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதை மறந்துவிட்டேன். மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்தபோது, லாரிகளுக்குப் பதிலாகக் கூலிங்கிளாஸோடு அண்ணன் சென்னைக்கே தெரிந்தான்.

"யாருங்க இது?" என்றார் மேனேஜர்.

"எங்க அண்ணன் சார். பொண்ணுக்குத் தாய்மாமன்."

அண்ணனை மூடினேன். அடியில் அப்பா இருந்தார்.