தண்ணீர் முறையும் சோற்று முறையும்

“படிச்ச புள்ளைன்னு ஊரே சொல்லுது. எங்க, உங்கய்யன் எப்படிச் செத்தாருன்னு உன்ற படிப்பு சொல்லுமா சாமி?”

பெரிய அண்ணி என்னிடம் இப்படிக் கேட்டது, அவள் கொண்டுவந்து வைத்த மோரை நான் தொடாமல் எழுந்தபோது. எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேலத்தில் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். அடுப்புச் சாம்பல் கையோடு நின்ற ஒருத்தி என் படிப்பைச் சோதிப்பதா என்று நினைத்தேன். மோர் வைத்த இடத்திலேயே இருந்தது. வந்துவிட்டேன்.

அப்பா இறந்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

அம்மா நான் சிறு பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டாள். அண்ணன்கள் இருவருக்கும் நிலத்தைப் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டு, அப்பா கிணற்றோரச் சாளைக் குடிசையில் தனியாக இருந்தார். வீடு இரண்டு, கிணறு ஒன்று. பெரியவருக்கு ஒரு நாள், சின்னவருக்கு ஒரு நாள் என்று தண்ணீர் முறை. யாருக்கு அன்றைக்குத் தண்ணீர் முறையோ அவர் வீட்டில்தான் அப்பாவுக்குச் சோறு. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அப்பாதான். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக.

அவர் இறந்த நாள் பெரியவரின் முறை. பெரியண்ணன் கிழங்கு வண்டியோடு ஆத்தூர் போயிருந்தார். அப்பா அண்ணி கையால் களி உண்டுவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனார். நான் கோடை விடுமுறைக்கு வந்திருந்தேன். உச்சிவெயிலில் சின்னண்ணன் அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாய்க்காலோரம் விழுந்து கிடந்ததாகச் சொன்னார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முகம் மட்டும் வெற்றிலை போட்ட உதடு மாதிரிச் சிவந்திருந்தது.

“இது நல்ல சாவு இல்ல. மருந்து வெச்ச மூஞ்சி” என்றாள் அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை. மெதுவாகத்தான் சொன்னாள். அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது.

போலீசுக்குப் போனால் உடம்பை அறுப்பார்கள் என்று ஆட்களை விட்டுப் பெரியண்ணனை வரவழைத்து, பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள். குளிப்பாட்டும்போது அப்பாவின் உள்ளங்கை ரேகைகளில் கறுப்பு எண்ணெய் படிந்திருந்ததைப் பார்த்தேன். சீயக்காய் போட்டும் போகவில்லை. கிணற்றிலிருந்து குடம் சுமந்து திரும்பியபோது சின்னண்ணனின் வெங்காயக் காட்டு வரப்பில் என் கால் சேற்றில் புதைந்தது. இரண்டையும் பார்த்தேன். இரண்டையும் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

அண்ணியின் முகத்துக்கு நேராக யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் வீட்டில் யாரும் வாய் நனைப்பதில்லை, அவ்வளவுதான். போகிறவர்கள் எல்லோரும் “இப்பத்தானுங்க உண்டுபோட்டு வாரேன்” என்றார்கள். அவள் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. பெரியண்ணன்கூட, வட்டிலில் சோறு விழுந்த பிறகு, ஏதோ வேலை இருப்பதுபோல மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டு அவள் ஒரு வாய் உண்டதும் வந்து உட்கார்ந்தார். அதே அண்ணன் என்னிடம், “கெணத்த முழுசா எடுத்துக்கத்தான் சின்னவன் இந்தப் பேச்சக் கெளப்பி உட்டுட்டான்” என்றார். சின்னவர் அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்புவதே இல்லை. இரண்டு பேருமே என்னிடம் நன்றாகப் பேசினார்கள்.

அடுத்த கோடைத் தொடக்கத்தில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கற்பித்தல் பயிற்சிக்காகப் போனேன். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்தில் கூச்சல் கேட்டுப் போய்ப் பார்த்தோம். எஞ்சின் ஓடும்போதே கிணற்றுக்குள் இறங்கிய ஒருவரைக் கட்டிலில் கட்டி மேலே தூக்கியிருந்தார்கள். அவருக்கும் காயம் இல்லை. அவர் முகமும் அதே சிவப்பு. “பொகை அடிச்சுப்போட்டுதுங்க” என்றார்கள்.

எங்கள் கிணற்றிலும் அப்படித்தான். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க ஆயில் எஞ்சினையும் இறக்க வேண்டும். பாதி ஆழத்தில் பாறையைக் குகைபோலக் குடைந்து அதற்குள் எஞ்சினை வைத்திருந்தார்கள். புகை வெளியே போக வழி குறைவு. மூடிய இடத்தில் எரியும் எண்ணெய் விஷப்புகை கக்கும், காயமில்லாமலே ஆளைக் கொல்லும் என்று பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். அப்பாவின் கை எண்ணெயும், முறையில்லாத நாளில் சின்னண்ணன் வரப்பில் கிடந்த சேறும் அப்போதுதான் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

ஊருக்கு வந்ததும் சின்னண்ணனிடம் போனேன். காட்டில் மடை கட்டிக்கொண்டிருந்தார்.

“பெரியண்ணன் ஆத்தூர் போன அன்னைக்கு எஞ்சின ஓட்டுனது நீங்கதானே?”

மண்வெட்டியை ஊன்றி நின்றார். “ஆரு சொன்னா?”

“உங்க வெங்காயக் காடு சொல்லுச்சு.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “ஓட்டுனன். வெங்காயம் காஞ்சு சாவுது, அண்ணன் ஊர்ல இல்ல, எஞ்சின் சும்மா கெடக்குது. சத்தம் கேட்டு ஐயன் நிறுத்தப் போயிருக்கறாரு. சத்தம் நின்னுபோச்சேன்னு போய்ப் பாத்தன். படிக்கட்டுல உக்காந்தாப்பல இருந்தாரு அம்மிணி. கூப்பிட்டன்.”

“வாய்க்காலோரம்னு ஏன் சொன்னீங்க?”

“மொறையில்லாம ஓட்டுனன்னு தெரிஞ்சா அண்ணன் சும்மா உடுமா? உன்னாலதான் ஐயன் போனாருன்னு சொல்லாதா?”

“அந்தப் பழி இப்ப அண்ணி மேல கெடக்குது.”

“நான் ஒரு வார்த்தை சொல்லல.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

மடை மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினார். பிறகு, “உன்னையப் படிக்க வெக்கச் சொல்லி ஐயங்கிட்ட மல்லுக்கட்டுனது ஆரு? பெரியவனா?” என்றார்.

அது உண்மை. சின்னண்ணன் இல்லையென்றால் நானும் கிழங்குக் காட்டில்தான் இருந்திருப்பேன். “ஐயனோட வருசத் திதிக்கு எல்லாரும் வருவாங்க. நீங்களே சொல்லிருங்க” என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். நாள் நெருங்கியும் சொல்லவில்லை.

திதிச் சாப்பாடு சின்னண்ணன் வீட்டில் என்று உறவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. திதியன்று காலையில் முதலில் அத்தை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப நாஞ் சொன்னது பொய்யா?”

“ஆமாங்க அத்தை.”

“நாலெழுத்துப் படிச்சவ சொன்னா ஊரு நம்போணுமா?”

“நம்ப வேண்டாம். நேராப் போய்ச் சின்னண்ணனையே கேளுங்க. உங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல அவருக்கு வராது.”

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

நான் பெரியண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணி எனக்கு மோர் கொண்டுவரவில்லை. கொண்டுவருவதை அவள் எப்போதோ விட்டிருந்தாள். நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “போன வருசம் ஒண்ணு கேட்டீங்கல்ல, அண்ணி” என்று தொடங்கி, அண்ணனும் கேட்கும்படி சொன்னேன். அண்ணி காலிச் சொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் எழுந்து மாட்டுக்கொட்டகை வரைக்கும் போய் நின்றார். திரும்பி வந்தபோது அவளைப் பார்க்காமல், “பசிக்குது” என்றார்.

வாசலில் நின்று பார்த்தால் சின்னண்ணன் வீடு தெரியும். அத்தை உள்ளே போனது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அத்தை முன்னாலும், நாலைந்து பேர் பின்னாலும், எல்லோருக்கும் கடைசியில் சின்னண்ணனும் வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வாசல் படலைத் திறக்குமுன் நான் அண்ணனுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்து, அண்ணி வைத்த சோற்றில் முதல் வாயை விழுங்கியிருந்தேன்.