மர்ஹூனின் கியர்பாக்ஸ்

ரொட்டிக் கடைத் தாளில் கிழித்த துண்டு ஒன்றை இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே செருகி, மர்ஹூன் கட்டைவிரலால் மெல்ல உருட்டுகிறார். மறுபக்கம் வெளியே வந்த தாளை வெயிலில் தூக்கிப் பார்க்கிறார். பற்களின் தடம் வரிவரியாக விழுந்திருக்கிறது.

"காகிதம் கசங்கணும், கிழியக் கூடாது. கிழிஞ்சா இறுக்கம். கசங்காம வந்தா லூசு. இதுக்குப் போய் எஃகுல வாங்கி அழறானுங்க. பெட்டியோட வந்ததே போதும்யா!"

சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் தனூஃப் பள்ளத்தாக்கில் கூடும் கூட்டம் இது. முழங்கை நீள ரிமோட் கார்களைப் பாறை மேல் ஏற்றுவார்கள். வேகத்துக்கு அங்கே மரியாதை இல்லை. செங்குத்துப் பாறையில் வழுக்காமல், கவிழாமல், எறும்பு போல ஏற வேண்டும். மோட்டாரின் வேகத்தைக் குறைத்து வலுவாக்கிச் சக்கரத்துக்கு அனுப்பும் கியர்பாக்ஸ்தான் அதற்கு உயிர். காரோடு வருவது பிளாஸ்டிக் பற்கள். எஃகுப் பல் வேண்டுமானால் இன்னொரு கார் வாங்குகிற மாதிரி செலவு.

மர்ஹூன் நிஸ்வா ஊரில் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். அதனால் எல்லோருக்கும் அவர் 'உஸ்தாத்', அதாவது ஆசான். கற்றுக்கொள்பவர் கரகரவென்று கியரை மாற்றினால், தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது போலக் கன்னத்தைப் பொத்திக்கொள்வார். தின்ற பேரீச்சம்பழத்தின் கொட்டையை மாலை முழுக்க வாயில் ஒதுக்கி வைத்திருப்பார். யோசனை வந்தால் அது இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குப் போகும். தன் காரை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். "சூடா இருக்கு, தொடாதே" என்பார். குளிர்காலத்திலும் அதே பதில்தான்.

அதற்குக் காரணம் உண்டு. போன வருடம் அவருடைய பிளாஸ்டிக் பற்களும் அடுத்தடுத்து உதிர்ந்தன. யாருக்கும் சொல்லாமல் மஸ்கட்டில் இருக்கும் தங்கை வீட்டு முகவரிக்கு எஃகுச் சக்கரங்களை வரவழைத்தார். பழைய பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே அவற்றைப் பொருத்தினார். எஃகு சற்றுச் சிணுங்கும். அது கேட்காமலிருக்கக் கெட்டியான கிரீஸை அப்பினார். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் அவற்றை மாட்டிக்கொண்டு வந்த அன்றே பெரிய பாறையில் கார் ஏறியதும், கூட்டத்தில் ஒருவனான ஹமூத் கத்தினான்: "பாருங்கடா! நான் அலுமினியக் கூடு, எஃகுப் பல்லுன்னு கொட்டிக் கொடுத்தேன். உஸ்தாத் சாதா பிளாஸ்டிக்கை வெச்சே ஏறிட்டாரு!" எல்லோரும் கைதட்டினார்கள். மர்ஹூன் கொட்டையைக் கன்னம் மாற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

அவர் பேச்சை வேதமாக எடுத்துக்கொண்டவன் கமீஸ். சாலையோரத்தில் மிஷ்காக் சுடுகிறவன். கம்பியில் கோத்த இறைச்சியைத் திருப்பித் திருப்பி விரல் நுனிகள் தடித்துப்போனவன். மர்ஹூன் சொன்னபடியே வாஷர் வைத்தான், கிளட்ச் மறையைக் கால் சுற்றுத் தளர்த்தினான், காகிதம் செருகினான். ஆனாலும் பாதிப் பாறையில் 'டர்ர்' என்று பற்கள் வழித்துக்கொண்டு போகும். நாலாவது முறை அப்படி ஆனபோது காரைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மர்ஹூனிடம் வந்தான்.

"உஸ்தாத், மன்னிச்சிருங்க. ஒரே கியர்பாக்ஸ், நீங்க ஏறுறீங்க, நான் உடைக்கிறேன். கரி அள்ளுற கைக்கு இந்த நுணுக்கம் வரல. உங்க பேரைக் கெடுத்ததுதான் மிச்சம். வித்துடலாம்னு இருக்கேன்."

மர்ஹூனுக்குக் காது மடல் வரை எரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "விக்காதே தம்பி. வண்டியைக் குடு, நான் டியூன் பண்ணித் தரேன்" என்றார்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தன் எஃகுச் சக்கரங்களைக் கழற்றிக் கமீஸின் காரில் மாட்டினார். மேலே கிரீஸைப் பூசி மூடினார். தன் காரில் புதுப் பிளாஸ்டிக் பற்களைப் போட்டுக்கொண்டார். கடன் தீர்ந்தது போலப் பெருமூச்சு வந்தது. அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

அடுத்த வெள்ளி கமீஸின் கார் பெரிய பாறையின் உச்சியில் போய் நின்றது. கமீஸ் ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து, எல்லோர் முன்னாலும் மர்ஹூனின் நெற்றியில் முத்தமிட்டான். "கை இல்லடா இது! மந்திரம்!" என்றான். இப்ரி ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த சுஹைல் என்ற வாத்தியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நானும் சாதாவே வாங்கிடறேன் உஸ்தாத். பல்லு போனா என் கைதான் சரியில்லன்னு தெரிஞ்சுக்கறேன்" என்றார்.

மர்ஹூன் வாயிலிருந்த கொட்டையைத் துப்பினார். உச்சியிலிருந்து காரை இறக்கிக்கொண்டு வந்து, மணலில் உட்கார்ந்து, கூட்டின் திருகுகளைக் கழற்றினார்.

"என்ன உஸ்தாத், நல்லாத்தானே ஓடுது?" என்றான் கமீஸ்.

மர்ஹூன் வெள்ளை அங்கியின் ஓரத்தால் கிரீஸைத் துடைத்தார். உள்ளே எஃகு பளிச்சென்றது.

ஹமூத் குனிந்து பார்த்தான். "இது நான் வாங்கின மாதிரி எஃகுப் பல்லுல்ல?"

"ஆமா. போன வருஷத்துலேருந்து என் வண்டியில கிடந்தது. போன வாரம் இவன் வண்டிக்கு மாத்தினேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. கமீஸ் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான்.

"அப்ப என் கையில குறை எதுவும் இல்லையா?"

"இல்ல."

"நாலு தடவை உடைஞ்சப்பவும் பக்கத்துலதானே நின்னீங்க?"

மர்ஹூன் கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினார். கமீஸ் காரை எடுத்துக்கொண்டு கஹ்வா காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டான். மறுநாள் எஃகுச் சக்கரங்கள், இறைச்சி சுற்றும் ஈயத்தாளில் பொட்டலமாக, மர்ஹூனின் வீட்டு வாசலில் இருந்தன. அவர் அவற்றை மாட்டவும் இல்லை, விற்கவும் இல்லை.

அதற்கடுத்த வெள்ளி வராமலிருக்க எல்லாச் சாக்கும் அவரிடம் இருந்தது. ஆனாலும் வந்தார். பெரிய பாறையின் பாதியில் அவர் காரின் பிளாஸ்டிக் பற்கள் 'டர்ர்' என்றன. எல்லோரும் பார்க்க ஏறிப் போய் எடுத்து வந்தார். கமீஸ் எல்லோருக்கும் மிஷ்காக் நீட்டினான். அவருக்கும் நீட்டினான், முகத்தைப் பார்க்காமல்.

சுஹைல் தன் புதுக் காரோடு அவரிடமே வந்தார். வேறு யாரையும் அவருக்கு இன்னும் பழக்கமில்லை. "உஸ்தாத், கிளட்சை எவ்வளவு தளர்த்தட்டும்?"

மர்ஹூன் வாய் திறந்தார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் காரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எழுந்தார். கரியடுப்பைத் தாண்டிப் போய், அங்கே உட்கார்ந்திருந்த கமீஸின் மடியில் அதை வைத்தார்.